வலது காலும் ஒரு சொல்லும்

நான் எழுதலாமா என்று எனக்கே தெரியவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ரேஷன் கார்டில் பெயர் திருத்தச் சொல்லி ஒரு மனுவும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத ஆள் நான். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்துவிட்டால்கூடக் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். அப்படிப்பட்டவள் புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம். சொல்லப்போகும் விஷயமும் சாப்பிடும் நேரத்தில் படிக்கக்கூடியது இல்லை. இரண்டுக்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

இது என் வீட்டுக்காரரின் வலது காலைப் பற்றியது. அந்தக் காலைக் காப்பாற்ற எனக்கு நாலு நாள் இருந்தது. ஒரு சொல்லை அவரிடம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அவர் போய் இந்த ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது. வாயில் வராதது கையிலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

அந்தச் சொல் புழு. ஈ வைக்கிற புழு.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் வைப்பது என் வேலை. வெள்ளையாக வரும் முகத்தில் இரண்டு கோடு, இரண்டு புள்ளி. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். எங்கள் மேஜையில் ஆறு பெண்கள். ஒருத்தி உதடு, ஒருத்தி புடவைக் கரை, இப்படி ஆளுக்கு ஒன்று. கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. அந்த மேஜையில் புழு என்ற சொல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை புரளும் என்று கணக்கே இல்லை.

“அவன் வாயி புழுத்துப் போவ. நேத்தும் குடிச்சிட்டு வந்து நிக்கிறான்.”

“புழுக்கட்டும். அப்புறம் நீதாண்டி உக்காந்து கழுவணும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அப்போது சிரித்திருக்கிறேன். திட்டுகிறவள் அன்றைக்குச் சாயங்காலமே அந்த ஆளுக்கு மீன் வாங்கிக்கொண்டு போவாள். அது கோபத்தில் வாயில் வருகிற ஒரு எச்சில், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லுக்கு வேறு முகங்களும் உண்டு. மண்புழு என்றால் மரியாதை. உரத்துக்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். பட்டுப்புழுவைச் சொல்லவே வேண்டாம். கத்தரிக்காயில் புழு இருந்தால் அந்தப் பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிறோம். டெங்கு சமயத்தில் தெருத்தெருவாக வரும் சுகாதாரப் பெண்கள் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து டார்ச் அடித்து, “லார்வா இருக்குதா பாரு” என்பார்கள். லார்வா என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கருவாட்டுக்கார அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். புழு என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “பூச்சிம்மா அது. வெயில்ல ரெண்டு பொரட்டு பொரட்டுனா ஓடிடும்.” மாட்டுப் புண்ணில் வந்தால் எல்லோரும் சத்தமாகவே “புழு வச்சிடுச்சு” என்பார்கள். மனுஷனுக்கு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். “அது வச்சிடுச்சாம்” என்று வாயைப் புடவையால் மூடிக்கொண்டு சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு அந்தச் சொல் வாயில் வராமல் போனதற்குக் காரணம் வேறு.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், நல்லூர்ப் பக்கத்தில் என் நாத்தனார் வீட்டில் காதுகுத்து. அவர்கள் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர்கள்; அண்ணி என்று கூப்பிடுவேன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளை கை மாறி மாறிக் கடைசியில் என் மடிக்கு வந்தது. வெதுவெதுவென்று இருந்தது. என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

“உன் வயித்துல இன்னும் ஒரு புழு பூச்சி தங்கல. புள்ளையத் தூக்கத் தெரியுமா உனக்கு? கழுத்து தொங்குது பாரு. குடு இப்பிடி.”

பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். வயிற்றில் புழு பூச்சி இல்லை என்பது நம் ஊரில் யாரும் யாரையும் சொல்லுகிற பேச்சு. எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அந்தச் சொல்லை என் வாயால் சொன்னதில்லை. கத்தரிக்காயைக்கூடச் சொத்தை என்றுதான் சொல்வேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவர் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி என் மடியில் வைத்தார்.

“அக்கா கெடக்குது வுடு. வாயி அப்பிடி. நீ ஒரு புழு, நான் ஒரு பூச்சி. நம்ம வூட்டுக்கு ரெண்டும் போதும்.”

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அது அவருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால், “புழு என்னா கோவமா இருக்குது?” என்பார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவரே, “பூச்சிக்கு ஒரு டீ போட்டுக் குடு” என்பார்.

அவருக்கும் எங்கள் யூனிட்டில்தான் வேலை. சூளை வேலை. வெந்து முடிந்த சாமான்களை வண்டியோடு வெளியே இழுத்து இறக்க வேண்டும். கைக்கு உறை உண்டு. காலுக்குச் செருப்பும் கொடுத்திருந்தார்கள். அவர் போட மாட்டார். சூளை வாசலில் தரை எப்படிச் சுடும் என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். அவர் கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல நடப்பார். ஒருநாள் இறக்கி வைத்த சூடான தட்டின் மேல் ஏறி நின்று, ஒரு வாய் டீ குடித்துவிட்டு இறங்கினார்.

“அண்ணன் காலு செராமிக் காலுடா.”

“ஆமாமா. கிளேஸ் போட்டு ரெண்டு தடவ வேக வச்சது.”

உண்மையிலேயே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போட்டதுபோல்தான் இருந்தது. முடியெல்லாம் உதிர்ந்து, தோல் இழுத்து மினுமினுவென்று. சூளையில் வருஷக்கணக்காக நின்று நின்று உரம் ஏறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மேஜையில் என் வாயிலிருந்து வந்த ஒரே பெருமை அதுதான். “எங்க வூட்டுக்காரருக்குச் சூடே தெரியாது” என்று ஒருநாள் சொன்னேன். ஐந்து பேரும் தூரிகையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பேசினதே அவர்களுக்கு அதிசயம்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. ஆறு வருஷமாக மாத்திரை போட்டார், பாதி நாள் மறந்தார். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் போகும்போது நர்ஸ் கேட்பார்கள்: “காலு மரத்துப் போவுதா?” அவர், “அதெல்லாம் நல்லா கல்லு மாதிரி இருக்குதுங்க” என்பார். நான் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். சூடு தெரியாததும் மரத்துப் போவதும் ஒன்றுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பலாப்பழம் வந்து குவிகிற மாதம் அது. ஜங்ஷன் ரோடு முழுக்கச் சுளை வண்டிகள். ஊரெல்லாம் ஈ. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தார். சிமெண்ட் தரையில் ஒரு காலடி சிவப்பாக விழுந்ததை நான்தான் பார்த்தேன். ஒன்று விட்டு ஒன்று. வலது கால் மட்டும்.

“ஏங்க, காலப் பாருங்க.”

“என்னா?”

பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே உடைசல் ஒன்று ஏறியிருந்தது. உடைசல் என்பது சூளையில் விரிசல் விட்டதை உடைத்துப் பின்பக்கம் குவிப்போமே, அது. கத்தி மாதிரி இருக்கும். சுண்டுவிரல் அகலத் துண்டு. மதியமே ஏறியிருக்க வேண்டும். அதோடு அரை நாள் வேலை செய்திருக்கிறார், யூனிட்டிலிருந்து வீடு வரை நடந்து வந்திருக்கிறார். நான் பிடுங்கியபோதும் அவர் முகம் மாறவில்லை.

“பாத்தியா என் கால?” என்று சிரித்தார்.

மஞ்சள் வைத்துத் துணி கட்டினேன். மறுநாள் வேலைக்குப் போனார். மெடிக்கலில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசல் பக்கம் காலை நீட்டிப் பாயில் படுத்துத் தூங்கினார். கட்டு நெகிழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் பலாப்பழம் வெட்டினார்கள். நான் துணி துவைக்கப் பின்பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது காலில் ஈ உட்கார்ந்திருந்தது. விசிறியால் ஓட்டினேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததோ.

புதன்கிழமை காலையில் கழுவுவதற்குக் கட்டைப் பிரித்தேன். புண்ணுக்குள் ஏதோ அசைந்தது. முதலில் தண்ணீர் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, தலையை உள்ளே வைத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன.

அவர் சுவரில் சாய்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடி இருக்குது?” என்றார்.

“சீழு இருக்குது.”

“மோசமா இருந்தா சொல்லு. இன்னைக்கி லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்.”

அந்த வார்த்தையை அவர் சொன்னார். என்மேல் பழி வராமல் இருக்க அதை மறைக்கலாம். மறைத்தால் நான் இதை எழுதிப் பிரயோஜனமில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் பயந்த ஆள் இல்லை. தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாது, வலியும் சொல்லாது. நான் சொல்லுவேன் என்று உட்கார்ந்திருந்தார்.

“ஆறிக்கிட்டு வருது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்ன அந்த நிமிஷத்தில் எனக்குள் ஓடியது அண்ணியின் குரல்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் நல்லூருக்குப் போகும். ஒரு புழு பூச்சி இல்லாத வயிறு என்று சொன்ன வாய், வயித்துல வைக்காதது கால்ல வச்சிடுச்சு என்று சொல்லும். அப்படி யாரும் சொல்லவில்லை. நானே அவர்களுக்காக அதை யோசித்து, நானே கேட்டு, நானே கூசிப்போனேன்.

இன்னொன்றும் இருந்தது. நான் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சி. வண்டி மாட்டுக்குக் கழுத்தில் புண் வந்து புழு வைத்தால் அப்பாதான் எடுப்பார். சீத்தா இலையைக் கசக்கிப் பிழிவார். நான் கொட்டாங்குச்சியில் கற்பூரத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் தடவை நான், “அப்பா, புழு” என்று கத்திவிட்டேன்.

“பேரச் சொல்லாத பாப்பா. சொன்னா கேட்டுக்கிட்டு உள்ள பூந்துக்கும். அரிசின்னு சொல்லு.”

அதற்குப் பிறகு, “அரிசி இன்னும் இருக்குதா பாரு” என்பார். “ரெண்டு அரிசி இருக்குதுப்பா” என்பேன். எல்லா வீட்டிலும் இப்படிச் செய்தார்களா தெரியாது. எங்கள் அப்பா செய்தார். மாடு பிழைத்தது. பெயர் சொல்லாமல் இருப்பதும் மருந்தில் சேர்ந்தது என்று என் மனசில் எங்கேயோ பதிந்து கிடந்திருக்கிறது. மனுஷன் காலுக்கு மாட்டு வைத்தியம் செய்யக்கூடாது என்று தெரியாதவள் இல்லை. பத்தாவது வரை படித்தவள்தான்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு நாளும் அவர் குளிப்பதற்கு முன்னால் புண்ணைக் கழுவினேன். தெருக்கோடியில் ஒரு சீத்தா மரம் உண்டு. இலை பறித்து முந்தானையில் மறைத்துக்கொண்டு வருவேன். முள் எடுக்கும் முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, கற்பூரத் தண்ணீரில் போட்டேன். பொம்மைக்குக் கண் வைத்துப் பழகிய கை, நடுங்காது. மனசுக்குள் அரிசி, அரிசி என்று சொல்லிக்கொண்டேன். எல்லாம் எடுத்துவிட்டேன் என்று கட்டுவேன். மறுநாள் பிரித்தால் இருக்கும். அந்த நாட்களில் சோறு வடிக்க அரிசி களைய முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு களைந்தேன்.

“ஏ புள்ள, என்னா இவ்ளோ நேரம் நோண்டுற? சூளைக்கு நேரமாச்சு.”

“மண்ணு ஒட்டியிருக்குது.”

“பொம்மைன்னு நெனச்சுட்டியா? கண்ணு கிண்ணு வச்சிடாத.”

சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை அவரே மூக்கை உறிஞ்சி, “எலி எங்கியாவது செத்துக் கெடக்குதா?” என்றார். நான் பரணில் ஏறித் தேடுவதுபோல் தேடினேன். இதைச் செய்தேன் என்று எழுதும்போது கை கூசுகிறது. ஏணி வைத்து ஏறினேன். அட்டைப்பெட்டிகளை நகர்த்தினேன். கீழே அவர், “பாத்து, பாத்து, வுழுந்துடாத” என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலில் நின்றார். சனிக்கிழமை பொழுது சாயக் காய்ச்சல் வந்தது. பாதம் முழுக்க நிறம் மாறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆட்டோ பிடித்தோம். ஊரில் பார்த்துவிட்டு, உடனே வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கொடுத்தார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர். சின்ன வயது. எங்களுக்குப் பிள்ளை இருந்திருந்தால் அந்த வயசு இருக்கும். கட்டைப் பிரித்தார்கள், விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார்கள். நிமிராமலேயே சாதாரணமாகக் கேட்டார்கள்.

“புழு எத்தனை நாளா இருக்கு?”

என் வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்தார். வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

“டாக்டரம்மா, எனக்கு உடைசல் குத்துனதுங்க. புழுவெல்லாம் இல்லீங்க. வூட்ல தெனமும் கழுவிக் கட்டுறாங்க. கேட்டுப் பாருங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவரும் என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷமாகப் பொம்மைகளுக்குக் கண் வைக்கிறேன். அப்படி ஒரு பார்வையை எந்தப் பொம்மைக்கும் என்னால் வைக்க முடியாது. கோபம் இல்லை அதில். வீட்டுக்கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்போமே, அப்படி என் முகத்தைப் பார்த்தார்.

வெளியே வராந்தாவில் டாக்டர் என்னைத் தனியாக நிற்க வைத்துப் பேசினார்கள். திட்டவில்லை.

“புழுவால கால் கெடலம்மா. அது செத்த சதையத்தான் தின்னும். சதை அதுக்கு முன்னாடியே சாக ஆரம்பிச்சிருச்சு. அவருக்குக் கால்ல உணர்ச்சி போய் ரொம்ப வருஷம் இருக்கும். சூடு, குத்து எதுவும் தெரிஞ்சிருக்காதே?”

“தெரியாதுங்க. சூளையில நின்னு நின்னு உரமாயிடுச்சுன்னு...”

“உரம் இல்ல. நரம்பு செத்திருக்கு.”

அந்தச் சொற்களை நான் மனசில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் இன்னொன்று சொன்னார்கள்.

“மொத நாள் பாத்தப்பவே வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும். இப்ப மேல ஏறிடுச்சு. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். ரெண்டு நாள் மருந்து ஏத்திட்டுச் செவ்வாய்க்கிழமை செய்வோம்.”

ரெண்டு விரல். நான் தலையாட்டினேன். எந்தக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டேன்.

அன்று மதியமே அண்ணி வந்தார்கள். யாரோ போன் செய்துவிட்டார்கள். நல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு பையும் ஃபிளாஸ்க்குமாக. அவர்கள் வராந்தாவில் வருவதைப் பார்த்ததும் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வந்துவிட்டது என்று நினைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்த பேச்சு இப்போது எல்லோர் முன்னாலும் வரப்போகிறது.

அண்ணி நேராக உள்ளே போய் அவர் காலைப் பார்த்தார்கள். வெளியே வந்தார்கள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.

“ஏண்டி, புழு வச்சதப் பாத்ததும் எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா? நான் எத்தினி மாட்டுக்குப் பாத்திருக்கேன். ஒடனே வண்டி வச்சு இங்க இட்டாந்திருப்பேனே.”

“நீங்க சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன் அண்ணி.”

“என்னாத்த சொல்லுவேன்?”

இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அதைச் சொன்னேன். காதுகுத்து, மடியில் இருந்த பிள்ளை, வாளி, பந்தி. அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, “வயித்துல ஒண்ணும் தங்கலன்னு சொன்னீங்க” என்றேன்.

அண்ணி என்னையே பார்த்தார்கள். யோசித்தார்கள். உண்மையாகவே யோசித்தார்கள்.

“நானா? நான் எப்ப சொன்னேன்?”

“காதுகுத்துல அண்ணி.”

“நெனப்பே இல்லடி. சொல்லியிருப்பேன். வாயில வர்றதுதான. எங்க அத்த என்னையே ஆறு வருஷம் சொல்லுச்சு.” ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, “அதுக்கா என் தம்பி கால வுட்ட?” என்றார்கள்.

கேட்டுவிட்டு அவர்களே என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதார்கள். நான் அழவில்லை. அவர்கள் புடவையில் பஸ் வாசனை அடித்தது. சொன்னவர்களுக்கே நினைப்பில்லாத ஒன்றை நான் அவர்களுக்காகப் பத்திரமாக வைத்திருந்தேன்.

இதை இடையிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் பதினான்கு மாதம் இருந்தார். மிச்சமிருந்த இடது காலைத் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் தண்ணீரும் துண்டும் கொண்டுபோவேன். “வை அங்க” என்பார். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் போட்டு, பாதத்தை அதன்மேல் தூக்கிப் பிடித்து, தானே குனிந்து பார்த்துக்கொள்வார். மூச்சு வாங்கும். என்னை ஒருநாளும் ஏசவில்லை. எல்லாப் பேச்சும் பேசினார். கண்ணாடியை மட்டும் என் கையில் கொடுக்கவில்லை. கடைசியில் அவரைக் கொண்டுபோனது கால் இல்லை, நெஞ்சு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியில், அண்ணி டீ வாங்கக் கீழே போயிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவில் ஏதோ மெதுவாக வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தண்ணீர், மாத்திரை தவிர வேறு எதுவும் பேசாதவர்.

“இப்பிடி உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“புதங்கெழம பாத்தியா?”

“ம்.”

“பரண் மேல ஏறுனியே, அப்பவும் தெரியும்?”

“தெரியும்.”

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“எத்தினி எடுத்த?”

“எண்ணலிங்க.”

எண்ணியிருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

“அந்தக் காலுக்கு வலிச்சிருந்தா நான் கத்தியிருப்பேன். அது சொல்லல. நீயும் சொல்லல.”

நான் அவர் வலது கால்மேல் கையை வைத்தேன். கட்டுப் போட்டு, தலையணை மாதிரிப் பருத்திருந்தது. கையை வைத்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் கண் இன்னும் மேலேதான் இருந்தது.

“இப்ப சொல்லு” என்றார்.

“என்னங்க?”

“கால்ல என்னா இருந்துச்சின்னு. அந்த டாக்டரு பொண்ணு சொல்லிச்சு, அக்கா சொல்லிச்சு. பக்கத்துக் கட்டிலு ஆளுக்குக்கூடத் தெரியும். நீ சொல்லி நான் கேக்கல. சொல்லு.”

சின்ன வயதில் கொட்டாங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. பெயரைச் சொன்னால் உள்ளே போய்விடும் என்றார் அப்பா. இனி உள்ளே போக என்ன இருக்கிறது?

“புழு” என்றேன்.

சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. அவர் கேட்டார். கேட்டார் என்பது அவர் தொண்டை அசைந்ததில் தெரிந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் கோபமாக இருக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவர் ஒன்று சொல்வாரே, பூச்சி என்று, அதைச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அண்ணி டீயோடு வந்து, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும் வரைக்கும் காத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் அளவு விட்டுவிட்டு வலது காலை எடுத்தார்கள்.